புதுப்பிப்பு: சக்கர நாற்காலிக்கு டாக்சியில் கூடுதல் கட்டணம் (இங்கிலாந்து)

முன்பு கேட்டது இது: மடக்குச் சக்கர நாற்காலியை டிக்கியில் வைக்க ஓட்டுநர் 5 பவுண்டு அதிகம் வாங்கினார், யாரிடம் முறையிடுவது? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பணம் திரும்ப வந்துவிட்டது.

டாக்சிக்கு உரிமம் தரும் உள்ளூர் கவுன்சிலின் லைசென்சிங் பிரிவுக்கு நேராக எழுதுங்கள் என்ற யோசனைதான் பலித்தது. வண்டிப் பதிவெண் மட்டும் கொடுத்து அனுப்பிய முதல் மின்னஞ்சல் அப்படியே நின்றுபோனது. பின்பக்கத் தகட்டில் உள்ள கவுன்சில் உரிம எண், ஓட்டுநரின் பேட்ஜ் எண், தேதி, நேரம், ரசீதுப் படம் எல்லாம் சேர்த்து அனுப்பிய பிறகே விசாரணை நகர்ந்தது. இறங்கும் முன் அந்தத் தகட்டைப் படம் எடுத்துவிடுங்கள்.

எதிர்பாராதது ஒன்று. சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வண்டிகளுக்கென்று கவுன்சில் வைத்திருக்கும் பட்டியலில் இந்த வண்டி இல்லை. முறையீடு செல்லாது என்று நினைத்தேன், தவறு. 2022 ஜூன் 28 முதல், பட்டியலில் இல்லாத வண்டியும் நாற்காலியை ஏற்றிக்கொள்ள வேண்டும், கூடுதலாகக் கேட்கக் கூடாது. நியாயமாக வண்டியில் ஏற்ற முடியாத நாற்காலிக்குத்தான் விலக்கு. மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம். நாற்காலியை ஏற்றும் நேரத்துக்கு மீட்டர் ஓடினாலும் எழுதுங்கள், அதுவும் கூடாது.