மூக்குக்கண்ணாடிக்குச் சால்வினோவைத் தகப்பனாக்காதீர்கள்

சுவடிப்பித்தன்:
"மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடித்தவர் பிளாரன்ஸ் நகரத்துச் சால்வினோ தெலி அர்மாத்தி. 1317-இல் இறந்தார். கல்லறைக் கல்லிலேயே அப்படிப் பொறித்திருக்கிறது" என்று நேற்று கலங்கரை எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அந்தக் கல்லை யார் பார்த்தார்கள்? 1684-இல் மில்யோரே என்பவர் பிளாரன்ஸின் பெருமைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். கல் தேவாலயத் திருப்பணியில் அழிந்துவிட்டது, வாசகம் மட்டும் தம்மிடம் உள்ள பழைய அடக்கப் பதிவேட்டில் இருக்கிறது என்றார். அந்தப் பதிவேட்டை அவரைத் தவிர ஒருவரும் கண்டதில்லை. 1920-இல் இசிதோரோ தெல் லுங்கோ என்ற இத்தாலிய அறிஞர் இந்தக் கட்டுக்கதையைத் தோலுரித்துவிட்டார். நூறாண்டு கடந்தும் அதே பொய்யைப் புதுச்சட்டை போட்டு அழைத்து வருகிறார்கள்.

கலங்கரை:
நண்பரே, கல் இல்லை என்று எந்தத் துணிவில் எழுதுகிறீர்கள்? பிளாரன்ஸில் சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்தில் சால்வினோவின் மார்பளவுச் சிலை இருக்கிறது. கூடவே கல்வெட்டும் இருக்கிறது. படம் வேண்டுமானால் தேடிப் பாருங்கள். அச்சு இயந்திரம் பற்றிய விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள். யார் பெயரைச் சொன்னாலும் "அவர் இல்லை" என்று கிளம்பிவிடுவது உங்கள் வழக்கம்.

சுவடிப்பித்தன்:
அச்சு இயந்திரத்தை இங்கே இழுக்காதீர்கள். அதில் நான் சொன்னதுதான் சரி என்பது அன்றைக்கு இருந்த எல்லோருக்கும் தெரியும். சிலைக்கு வருகிறேன். அது 19-ஆம் நூற்றாண்டில் வைத்தது. கல்வெட்டின் வாசகம் மில்யோரே புத்தகத்திலிருந்து எடுத்தது. 1684-இல் தாளில் எழுதிய பொய்யைப் பிறகு கல்லில் வெட்டினால் அது 1317-ஆம் ஆண்டுச் சாட்சி ஆகிவிடுமா? 1317-இல் நட்ட கல் எங்கே? அதைக் காட்டுங்கள்.

நிலாமதி:
ஒரு சின்னக் கேள்வி. முதலில் எதை மூக்குக்கண்ணாடி என்கிறோம்? எழுத்தின் மேல் வைத்துப் படித்த படிகக் கல்லையும் சேர்க்கிறோமா? கையில் பிடிக்கும் ஒற்றை வில்லையா? இரண்டு வில்லைகள் மூக்கின் மேல் தானாக நின்றால்தான் கணக்கா? இதைத் தீர்த்துக்கொள்ளாமல் முதலில் செய்தது யார் என்று எப்படிப் பேசுவது?

கலங்கரை:
ட்ரெவீசோ நகரத்து மடத்தில் உள்ள சுவரோவியத்தைச் சுவடிப்பித்தன் பார்த்ததில்லை போலிருக்கிறது. அதில் கார்டினல் ஹியூ மூக்குக்கண்ணாடி அணிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் 1263-இல் இறந்தவர். ஆகவே அதற்கு முன்பே கண்ணாடி இருந்திருக்கிறது. உங்கள் ஆண்டுக் கணக்கு எல்லாம் அதோடு போயிற்று.

சுவடிப்பித்தன்:
அந்த ஓவியத்தைத் தொம்மாசோ தா மோதெனா தீட்டியது 1352-இல். செத்து 89 ஆண்டு ஆன மனிதருக்கு, தம் காலத்தில் படிப்பாளிகள் அணிந்ததை ஓவியர் அணிவித்தார். அது 1352-இல் கண்ணாடி இருந்ததற்குச் சாட்சி, 1263-க்கு அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். ஹியூ 1263-க்கு முன்பே அணிந்தார் என்றால் 1317-இல் செத்த சால்வினோ எப்போது கண்டுபிடித்தார்? உங்கள் சாட்சியே உங்கள் கட்சியைக் கவிழ்க்கிறது.

உண்மையான சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. 1306 பிப்ரவரியில் டொமினிக்கன் துறவி ஜொர்தானோ தா பீசா பிளாரன்ஸில் ஒரு பிரசங்கம் செய்தார். கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது ஆண்டு ஆகவில்லை என்றார். முதலில் செய்தவரைத் தாமே பார்த்ததாகவும் அவரோடு பேசியதாகவும் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. பீசா மடத்துக் குறிப்பில் அலெஸ்ஸாந்த்ரோ தெல்லா ஸ்பீனா என்ற துறவியைப் பற்றி வருகிறது. வேறொருவர் முதலில் செய்தார், செய்முறையைச் சொல்ல மறுத்தார், ஸ்பீனா தாமே செய்து மனமகிழ்ச்சியோடு எல்லோருக்கும் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறது. ஸ்பீனா இறந்தது 1313-இல். அந்த முதல் கைவினைஞர் பெயரில்லாமல் போனார். அவர் உட்கார வேண்டிய இடத்தில் சால்வினோவை உட்கார வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சாணைக்கல்:
பெயருக்கு இவ்வளவு சண்டை போடுகிறீர்கள், வில்லையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த ஜொர்தானோ பேசியதும் ஸ்பீனா செய்ததும் நடுவில் தடித்த குவிவில்லை. வெள்ளெழுத்து வந்தவருக்குத்தான் அது உதவும். கிட்டப்பார்வைக்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நடுவில் மெலிந்த குழிவில்லைக்கு அவர்கள் இன்னும் பல தலைமுறை காத்திருந்தார்கள். ரபேல் தீட்டிய பத்தாம் லியோ படத்தில் போப்பின் கையில் இருப்பது குழிவில்லை. 1518 வாக்கில் வரைந்தது. கிட்டப்பார்வைக் கண்ணாடியின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

கலங்கரை:
போப்பின் முன்னால் விரித்த ஏடு இருக்கிறது. சித்திரங்களைப் பெரிதாக்கிப் பார்க்கத்தான் வில்லையைப் பிடித்திருக்கிறார். அது பூதக்கண்ணாடி.

சுவடிப்பித்தன்:
சாணைக்கல் சொன்னதும் பிழை. 1462 அக்டோபரில் மிலான் பிரபு பிரான்செஸ்கோ ஸ்போர்சா பிளாரன்ஸிலிருந்து மூன்று டஜன் கண்ணாடி வரவழைத்தார். ஒரு டஜன் தூரத்தில் பார்க்க, இளைஞர்களுக்கு. ஒரு டஜன் பக்கத்தில் பார்க்க, முதியவர்களுக்கு. மூன்றாவது டஜன் சாதாரணப் பார்வைக்கு. கடிதமே இருக்கிறது. தூரத்தில் பார்க்க இளைஞர்களுக்குக் கொடுப்பது குழிவில்லை அல்லாமல் வேறென்ன? ரபேலுக்கு அரை நூற்றாண்டு முந்தியது. அதிலும் சால்வினோ பெயர் இல்லை என்பதைக் கலங்கரை கவனிக்கட்டும்.

சாணைக்கல்:
கடிதத்தைப் படித்தவர் நீங்கள், வில்லையைத் தேய்த்தவன் நான். 26 ஆண்டு தேய்த்திருக்கிறேன். என்னைப் பிழை என்று சொல்வதற்குமுன் ஒரு குவிவில்லையை எடுத்து எழுத்தின் மேல் பிடித்து இடப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். எழுத்து வலப்பக்கம் ஓடும். குழிவில்லையை இடப்பக்கம் நகர்த்தினால் எழுத்தும் இடப்பக்கமே கூட வரும், சிறுத்தும் தெரியும். கருவி எதுவும் இல்லாமல் இப்படித்தான் எந்த வில்லை என்று அறிவோம். குழிவில்லை நடுவில் மெலிந்துகொண்டே போகும். ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால் கையிலேயே விரிசல் ஓடிவிடும். அதனால் அது பிந்தி வந்தது. வில்லை ஏன் பார்வையைத் திருத்துகிறது என்று வானியலாளர் கெப்ளர் விளக்கியது 1604-இல். அதுவரை முந்நூறு ஆண்டு தேய்த்தவர்களுக்குக் கைதான் கணக்கு. இதெல்லாம் ஏட்டில் இருக்காது. கலங்கரைக்கும் ஒன்று: பூதக்கண்ணாடி என்றால் குவிவில்லை. படத்தில் வில்லையின் மேல் விழும் ஒளியைப் பாருங்கள், அது குவிந்த பரப்பில் விழும் ஒளி அல்ல.

கலங்கரை:
ஒருவர் ஏட்டைக் காட்டி மிரட்டுகிறார், ஒருவர் அனுபவத்தைக் காட்டி மிரட்டுகிறார். நான் கேட்பது ஒன்றே. சிலை இருக்கிறதா, இல்லையா?

நிலாமதி:
ஜெர்மனியில் வியன்ஹவுசன் மடத்தில் 1953-இல் கன்னியர் ஜெபக்கூடத்துத் தரைப்பலகைக்கு அடியில் பழைய கண்ணாடிகள் கிடைத்தன. பிடியோடு கூடிய இரண்டு மர வளையங்கள், பிடிகள் சேரும் இடத்தில் ஒரு ஆணி. காதில் மாட்டும் தண்டு இல்லை. அது 1720-களில்தான் லண்டனில் வந்தது. அதுவரை மூக்கைக் கவ்வி நிறுத்தியதைக் கண்ணாடி என்று ஏற்கிறோமா என்பதைத்தான் கேட்டேன்.

சுவடிப்பித்தன்:
நிலாமதி, உங்கள் வியன்ஹவுசன் கண்ணாடியிலும் செய்தவர் பெயர் இல்லை. நான் சொல்வதும் அதுதான். அனுபவத்தை மதிக்கிறேன் சாணைக்கல் ஐயா, ஆனால் 1462 என்பது 1518-க்கு முந்தியது. அதைத் தேய்த்து மாற்ற முடியாது. கலங்கரைக்கு மறுபடியும் சொல்கிறேன். சிலை இருக்கிறது, கல் இல்லை. பதிவேடு இல்லை. 1684-க்கு முன்னால் சால்வினோ கண்ணாடி செய்தார் என்று ஒரு வரி காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கலங்கரை:
ஜொர்தானோ பெயரைச் சொல்லவில்லை என்கிறீர்கள். அந்தப் பெயர் சால்வினோ அல்ல என்றும் அவர் சொல்லவில்லையே. நான் சால்வினோ என்றுதான் எழுதுவேன்.

சாணைக்கல்:
கடிதத்தில் "தூரத்துக்கு" என்று மட்டும்தான் இருக்கிறது. "குழி" என்ற சொல் எங்கே? சுவடிப்பித்தன் அதைக் காட்டட்டும்.

சுவடிப்பித்தன்:
காட்டுகிறேன். முதலில் கலங்கரை அந்த ஒரு வரியைக் காட்டட்டும். 1684-க்கு முந்தியது. ஒரே ஒரு வரி.