அக்சியோ 141: விடிய முதல் ஸ்டார்ட்டில் மட்டும் "கர்ர்ர்" என்று ஒரு சத்தம்

கல்லடி ரீச்சர்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2008 டொயோட்டா அக்சியோ கார், 1என்இசட் எஞ்சின். கொஞ்ச நாளாக விடிய முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது, எஞ்சின் பிடிக்கிற அந்த நொடியில் தகரப் பேணிக்குள் ஆணி போட்டுக் குலுக்கினது போல "கர்ர்ர்" என்கிறது. இரண்டு எண்ணுவதற்குள் நின்றுவிடும். பிறகு களுவாஞ்சிக்குடிக்குப் போய் வந்தாலும், இடையில் எத்தனை தடவை நிறுத்தி எடுத்தாலும் வராது. ஒயில் லைட்டோ செக் லைட்டோ எரியவில்லை.

டவுனில் ஒரு கராஜில் காட்டினேன். அங்கே போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிடுவதால் சத்தத்தை அவர்கள் கேட்கவே இல்லை. ஆனாலும் டைமிங் செயினைச் செட்டோடு மாற்றவேணும் என்று ஒரு தொகை சொன்னார்கள். கேட்ட எனக்குத்தான் தலை சுற்றியது. பக்கத்து வீட்டு அண்ணன் ஸ்டார்ட்டர் மோட்டர் என்கிறார். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினதில் இருந்து இதைப் பொத்திப் பொத்தித்தான் ஓடுகிறேன். 2025இல் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் புதிய விலைகளைப் பார்த்தால் இன்னும் பொத்தவேணும் போலத்தான் இருக்கிறது. யாரை நம்புவது?

ஏறாவூர் பொடியன்:
பெல்ட்டாக இருக்கும் ரீச்சர். மாரி தொடங்கினால் என்னுடையதும் கத்தும். பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சத்தம் மாறினால் அதுதான்.

மருதமுனை பாஸ்:
தம்பி சொன்ன தண்ணீர் வைத்தியம் சரிதான். ஆனால் பெல்ட் "கீச்" என்று இழுக்கும், "கர்ர்" என்று உருளாது.

ரீச்சர், நாளை விடிய வீட்டில் ஆரையாவது சாவி போடவிட்டு, நீங்கள் பொனற்றைத் திறந்து முன்னால் நில்லுங்கள். கையையும் சேலையையும் பெல்ட்டுக்குக் கிட்டக் கொண்டுபோகவேண்டாம். டிரைவர் பக்கம் கேட்டால் செயின், விவிடி கியர், பெல்ட் எல்லாம் அங்கேதான். மறுபக்கம், கியர்பெட்டி ஓரம் கேட்டால் ஸ்டார்ட்டர். ஆனால் ஸ்டார்ட்டர் பழுதென்றால் சூட்டிலும் கத்தியிருக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் மட்டும் வருகிறது என்றால், ஒயில் கீழே இறங்கிப்போய்விட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

காற்று உள்ளே போகிற வால்வுகளைத் திறக்கிற தண்டுதான் இன்டேக் கேம்ஷாப்ட். அதன் முனையில் விவிடி கியர் இருக்கிறது, அந்த வால்வுகள் திறக்கிற நேரத்தை மாற்றுகிற, ஒயில் அழுத்தத்தில் வேலை செய்கிற சாமான். எஞ்சின் நிற்கும்போது உள்ளே ஒரு சின்ன பின் விழுந்து அதைப் பூட்டும். அழுத்தம் ஏறினதும் பின் விலகும். பின் தேய்ந்துபோனால் பூட்டு சரியாக விழாது. ஒயில் வந்து சேரும் வரைக்கும் கியர் முன்னும் பின்னும் அடிபடும். செயினும் காலையில் கொஞ்சம் கத்தக்கூடும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மாற்றுகிற அளவுக்கு இழுபட்ட செயின் ஒரு நொடியோடு வாயை மூடாது, செக் லைட்டும் எரியத் தொடங்கும்.

கடைசியாக என்ன ஒயில் ஊற்றினீர்கள்? பில்டர் எது?

கல்லடி ரீச்சர்:
சத்தம் டிரைவர் பக்கம்தான், பாஸ். பில்லில் 20டபிள்யூ-50 என்று இருக்கிறது. ஓடின வண்டிக்குத் தடித்த ஒயில்தான் நல்லது என்று சர்விஸ் பண்ணின இடத்தில் சொன்னார்கள். பில்டர் பெட்டியில் பெயர்கூட இல்லை.

வாழைச்சேனை ஓட்டம்:
ஒரு போத்தல் எஞ்சின் பிளஷ் ஊற்றி ஓடவிடுங்கள், எல்லாம் கழுவுப்பட்டுவிடும்.

மருதமுனை பாஸ்:
பிளஷ் வேண்டவே வேண்டாம். பழைய கசடு ஒரேயடியாகக் கழன்றால், விவிடி கியருக்கு ஒயிலைத் திறந்துவிடுகிற வால்வுக்கு ஒயில் போகிற வழியில் உள்ள சின்ன வலையில் போய் அடைக்கும். பிறகு புதிசாக ஒரு நோய்.

தடித்த ஒயில் காலைக் குளிரில் மேலே ஏறச் சுணங்கும், அந்தச் சுணக்கத்தில்தான் கியர் அடிபடுகிறது. மெல்லிய ஒயிலான 5டபிள்யூ-30க்குத் திரும்புங்கள். பில்டரோடு 3.7 லீட்டர் பிடிக்கும். டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 4 லீட்டர் கானை அப்படியே கவிழ்த்துவிடுவார்கள்.

பில்டரைப் பார்த்து வாங்குங்கள். நடு ஓட்டையைச் சுற்றி உள்ள சிறு துளைகளுக்குள் ஒரு றப்பர் தெரியும். ஈர்க்கால் மெதுவாக அமத்தினால் மெத்தென்று போய்த் திரும்பி வரவேணும். வண்டி நின்ற பிறகு பில்டருக்குள் இருக்கிற ஒயில் வழிந்து போகாமல் மறிப்பது அந்த றப்பர்தான். பெயரில்லாத பில்டர்களில் அது சீக்கிரம் விறைத்துவிடும்.

கல்லடி ரீச்சர்:
மாற்றியாச்சு. கழற்றின பில்டரைக் கேட்டு வாங்கி ஈர்க்கால் அமத்திப் பார்த்தேன். றப்பர் அசையவே இல்லை, ஈர்க்குத்தான் முறிந்தது. சத்தம் இப்போது தினமும் இல்லை. வெள்ளி பின்னேரம் நிறுத்தித் திங்கள் விடிய எடுத்தால் மட்டும் சின்னதாக ஒரு "கர்".

மருதமுனை பாஸ்:
அப்படியென்றால் பின் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கிறது. இப்போதைக்கு ஓடுங்கள். எடுத்த உடனே அக்சிலேட்டரை மிதிக்கவேண்டாம். சத்தம் திரும்பவும் தினமும் வரத் தொடங்கினால் கியரை மாற்றுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது கிடைக்கும், சொன்னால் இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். வந்ததும் கையால் திருகிப் பாருங்கள், பூட்டினபடி அசையாமல் நிற்கவேணும். கடகட என்று ஆடினால் அது உங்கள் கியருக்கு அண்ணன், அப்படியே திருப்பி அனுப்புங்கள். கியர் மாற்ற மூடியைத் திறக்கிற அன்று செயினையும் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முதல் செயினுக்கு ஆருக்கும் அட்வான்ஸ் கொடுக்கவேண்டாம்.