பொருள்: மண்டப ஒப்பந்தம், கையெழுத்துக்கு முன்னால்

எல்லாருக்கும் வணக்கம்.

குமார் மாமா அனுப்பிய நகலைப் படித்தேன். மண்டபத்தைக் கட்டுகிறவர் தன் காசில் கட்டுவார். வாடகையில் நூற்றுக்கு 75 வரை செலவுக்கு எடுத்துக்கொள்வார், மீதியில் பாதி ஊருக்கு. பத்திரச் செலவுக்கு மட்டும் ஆளுக்கு இருபதாயிரம்.

நான் பிழைக்க வந்த தென் அமெரிக்க நாடான கயானாவிலும் இதே கணக்குதான். 2015-ல் கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்தது. 2016-ல் எக்ஸான்மொபில் கூட்டணியோடு அரசு போட்ட ஒப்பந்தப்படி, வரவில் 75 சதவீதம் வரை செலவுக்குக் கழியும், மீதி 25-ல் பாதி நாட்டுக்கு. எண்ணெய் எடுக்கும் உரிமைக்காக வரவில் தரும் ராயல்டி 2 சதவீதம். ஆக நூறு டாலருக்குப் பதினாலரை. கம்பெனிகளின் வருமான வரியையும் அரசே தன் பங்கிலிருந்து கட்டிவிடும்!

செலவு தீர்ந்தால் பங்கு ஏறும் என்கிறார் மாமா. தீர வேண்டுமே. இங்கே ஒரு எண்ணெய் வயலில் வரும் வரவில் அடுத்த எண்ணெய் வயலைத் தோண்டும் செலவையும் கழிக்கலாம். நம் நகலில் 'இதர பணிகள்' என்று ஒரு வரி இருக்கிறது, பாருங்கள். அயோத்தியாப்பட்டணத்தில் அவர் எழுப்பும் இன்னொரு மண்டபத்துச் சிமெண்டும் அதில் ஏறாது என்று யார் சொல்வது?

இங்கே 1999 முதல் 2017 வரை கம்பெனிகள் காட்டிய 167 கோடி டாலர் செலவைத் தணிக்கை செய்தவர்கள், 21.4 கோடிக்குக் கேள்வி போட்டார்கள். 2023-ல் புது எண்ணெய்ப் பகுதிகளுக்கான மாதிரி ஒப்பந்தத்தில் ராயல்டியை 10 ஆக்கி, செலவுக் கழிவை 65-க்குள் நிறுத்தினார்கள். பழைய கையெழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது.

ஊருக்குப் பெருமை என்று செல்வம் அண்ணன் எழுதியிருக்கிறார். எனக்கும்தான். அந்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசுகள் இங்கே மாரியம்மனுக்குத் தப்பு அடிக்கும்போது, நம்மூர் ஆடித் திருவிழாவும் ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கும் மழைக்காற்றும் நெஞ்சை அடைக்கும். அதற்காகக் கணக்குக் கேட்காமல் இருக்க முடியுமா?

செலவுக்கு உச்சவரம்பு, வருடா வருடம் தணிக்கை. இந்த இரண்டும் எழுத்தில் வந்த அன்றே என் இருபதாயிரம் வரும்.

பழனி சித்தப்பா, கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு ஊர்க் கணக்கு எதற்கு என்று எழுதியிருந்தீர்கள். கிணற்று மோட்டாருக்கு நான் போட்ட பணத்துக்கு ரசீது கேட்டபோதும் இதையேதான் சொன்னீர்கள். ரசீதை அனுப்புங்கள்.

மல்லிகா, ஜார்ஜ்டவுன்