ஊர் பாக்கக் கிளம்பறப்பல்லாம் மனசு பின்வாங்குது, தென்காசில குடியேறலாமா?

வேளச்சேரிவாசி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 59 வயசு, போன வருஷம் ரிட்டயர் ஆனேன், அவருக்கு 62. பொண்ணு பெங்களூர்ல. நாங்க ரெண்டு பேர் மட்டும் வேளச்சேரில தரைத்தள வீட்டுல இருக்கோம். 2015 டிசம்பர்ல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, 2023ல மிக்ஜாம் வந்தப்ப திரும்பவும் அதே கதை, இப்பல்லாம் மழை தட்ட ஆரம்பிச்சாலே எனக்கு தூக்கம் போயிடுது. அதான் தென்காசி பக்கம் போய் இருந்துடலாம்னு அவர் சொல்றார், எனக்கும் ஆசைதான்.

ஆனா ஊரப் போய் பாக்கணும்ல? பொதிகை ரயில்ல ரெண்டு தடவ டிக்கெட் போட்டு ரெண்டையும் கேன்சல் பண்ணிட்டேன். போடறப்ப சந்தோஷமா இருக்கு, நாலு நாள் இருக்கறப்ப வயித்துல ஒரு கலக்கம் ஆரம்பிக்குது, வாசல் செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா, அவரோட சுகர் மாத்திரை போற இடத்துல கெடைக்குமா, ராத்திரி ரயில்ல ஏதாவது ஆயிட்டா என்னன்னு ஒண்ணு மேல ஒண்ணா வருது. பெட்டிய பரண்லேர்ந்து எறக்கினாலே அழுகை வருது. அவர் ஒண்ணும் சொல்றதில்ல, அதான் இன்னும் கஷ்டமா இருக்கு. போக மனசில்லாததயே பதிலா எடுத்துக்கிட்டு விட்டுடலாமா, இல்ல போய்தான் ஆகணுமா?

மேலகரம்:
அக்கா, நான் தென்காசிக்குப் பக்கத்துலதான் இருக்கேன். மொதல்ல ஒண்ணு சொல்லுதேன், சீசன்ல வந்து பாத்துட்டு வீடு முடிவு பண்ணாதீங்க. ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆரியங்காவு கணவாய் வழியா மேகாத்து வரும், சாரல் விழும், ஊரே சொர்க்கமாதான் இருக்கும், ஆனா சனி ஞாயிறுல குத்தாலம் ரோட்ல வண்டி நகராது, ரூம் வாடகை எங்கயோ போயிரும். ஏப்ரல் மே மாசம் வந்து பாருங்க, இங்கயும் வெயில் கொளுத்தத்தான் செய்யும். நவம்பர்லயும் ஒரு தடவ வரணும். உங்களுக்குத் தண்ணி பயம்னா சித்தாறு, வாய்க்கால், ஓடை ஓரமா இருக்க வீட்ட கண்டிப்பா வேண்டாம்னு சொல்லிருங்க. 2024 மே மாசம் பழைய குத்தாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து ஒரு பையன் போயிட்டான், எங்களால அத இன்னும் மறக்க முடியல. மேட்டுல வீடு பாருங்க, அக்கம்பக்கத்துல கெணத்துல கோடைல தண்ணி எவ்ளோ நிக்குதுன்னு கேளுங்க. ஆஸ்பத்திரி இங்கயும் இருக்கு, பெரிய வைத்தியம்னா திருநெல்வேலிதான் போகணும், அம்பது கிலோமீட்டருக்கு மேல. ராத்திரி 2 மணிக்கு அவ்வளவு தூரம் போக வண்டி கெடைக்குமான்னு அண்ணாச்சியோட சுகர வச்சு நீங்க யோசிக்கணும்.

கோவைக்காரன்:
அம்மா, ஆஸ்பத்திரிதான் கவலைன்னா எங்க ஊரையும் ஒருவாட்டி பாருங்க. பாலக்காட்டுக் கணவாய்ல வர்ற காத்து இங்கயும் இருக்குதுங்க, சிறுவாணித் தண்ணி குடிச்சுப் பழகிட்டா வேற தண்ணி எறங்காதுங்க. ஆனா எங்கூரும் முன்ன மாதிரி இல்லீங்க, மார்ச் ஏப்ரல்ல வெக்கை தாங்கறதில்ல, டவுனுக்குள்ள வீட்டு வெலையக் கேட்டா மலைப்பா இருக்கும். அதனால வாடகைக்கே வாங்க. எந்த ஊரா இருந்தாலும் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாக்காம வேளச்சேரி வீட்ட வித்துராதீங்க, இத மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேனுங்க.

நெல்லைமருமகள்:
அக்கா உங்க கலக்கம் எனக்கு அப்படியே தெரியுது, எனக்கும் ஊருக்குப் போற முந்தின நாள் வரைக்கும் இருக்கும், ரயில் தாம்பரம் தாண்டினதும் போயிடும். நீங்க ராத்திரி ரயிலயே விட்டுடுங்களேன். 2023லேர்ந்து எக்மோர் நெல்லை வந்தே பாரத் இருக்கு, மதியம் ஏறினா ராத்திரி நெல்லை, ஒரு ரூம் போட்டு தூங்கிட்டு காலைல செங்கோட்டை பாசஞ்சர்ல அம்பாசமுத்திரம் வழியா போங்க, இடது பக்கமா உக்காருங்க, மலை கூடவே வரும். வீடு பாக்கப் போறோம்னு நெனைக்காதீங்க, காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போறோம்னு மட்டும் நெனச்சுக்கோங்க, அந்தக் கோபுர வாசல்ல நின்னா ஆள தள்ற மாதிரி ஒரு காத்து வரும் பாருங்க. ஆனா அழுகை வர்ற அளவுக்கு இருக்குன்னு சொன்னீங்கல்ல, தூக்கமும் இல்லன்னீங்க, அத டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க, வெள்ளத்துக்கு அப்புறம் நெறய பேருக்கு அப்படி இருக்கு. அண்ணன்கிட்டயும் வாயத் தொறந்து சொல்லிருங்க, அவர் சும்மா இருக்கறது கோவம்னு நீங்களா எடுத்துக்காதீங்க.

வேளச்சேரிவாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி அவர்கிட்ட சொன்னேன், வீட்ட பூட்டிட்டுப் போறதுதான் பயமா இருக்கு, போன தடவ தண்ணி வந்தப்ப நாம வீட்டுல இருந்ததாலதான் பீரோல இருந்தத மேல ஏத்த முடிஞ்சுதுன்னு. எனக்கே சொல்றப்பதான் அது புரிஞ்சுது. அவர் பகல் வண்டிலயே போலாம்னுட்டார். மழைக்காலம் முடிஞ்சு ஜனவரி கடைசில நாலு நாள், டிக்கெட் தெறந்ததும் போட்டுடுவோம், செடிக்கு மாடி வீட்டு அம்மா தண்ணி ஊத்தறேன்னு சொல்லிருக்காங்க. மே மாசம் திரும்ப ஒரு தடவ வரோம். மேலகரம் தம்பி, இலஞ்சி பக்கம் மேடா இருக்கற தெரு ஏதாவது இருந்தா சொல்லுப்பா, ரெண்டு பெட்ரூம் போதும், மாடிப்படி கொஞ்சம் அகலமா இருக்கணும்.