மரங்களுக்கு நடுவே கோழிக்கூண்டை எங்கே வைப்பது?

வீட்டின் பின்புறம் முழுக்க மரங்கள். 6 கோழிகள், 4 அடிக்கு 6 அடி மரக்கூண்டு. இரண்டு மாதமாகச் சரியான இடம் அமையவில்லை.

முதலில் பெரிய மரத்தடியில் வைத்தேன். நல்ல நிழல்தான், ஆனால் மழை விட்ட பிறகும் இலைகள் சொட்டிக்கொண்டே இருந்தன. தரை காயவில்லை, அமோனியா நெடி, ஒரு கோழிக்குத் தும்மல். மரத்தூளைத் தடிமனாகப் பரப்பியும் நாலே நாளில் ஈரம். அப்புறம் வெட்டவெளிக்கு நகர்த்தினேன். நெடி போனது, ஆனால் மதியம் ஆறும் அலகைத் திறந்து மூச்சிரைக்கின்றன. பார்க்க மனசு கேட்கவில்லை.

மிச்சம் இருப்பது கிழக்கு ஓரம்: காலை வெயில், மதியத்துக்குமேல் மர நிழல், தரையும் சற்று மேடு. ஆனால் கூரைக்கு 5 அடி மேலே தடித்த கிளை. அதில் இரவில் மரநாய் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கிளையை மட்டும் வெட்டினால் போதுமா, கூண்டையும் மரத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டுமா?