சூடானால் ஸ்டார்ட் எடுக்காத டீசல் கெப் – அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொட்பே மீன்வண்டி (காலை 5.40)
எல்லோருக்கும் வணக்கம். என் டீசல் கெப் காலையில் ஒரே திருப்பில் எடுத்துவிடும். ஓடிப்போய் எங்கேயாவது நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் எடுக்காது. நேற்று கந்தளாயில் முக்கால் மணிநேரம் நின்றேன், ஐஸ் பாதி கரைந்துவிட்டது. ஹீட்டர் பிளக் நான்கும் புதிது, டீசல் பில்டரும் மாற்றியாயிற்று. கராஜில் டீசல் பம்ப் கழற்ற வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு காசுக்கு இப்போது வழியில்லை. என்னவாக இருக்கும்?

உப்புவெளி சுற்றுலா
தம்பி, என்ன வண்டி? எந்த எஞ்சின்? டீசல் கெப் என்றால் நூறு வகை இருக்கிறது.

மூதூர் டிரைவர்
ஸ்டார்ட்டர் வழக்கம்போல வேகமாகச் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? சூட்டில் ஸ்டார்ட்டர் மோட்டார் இறுகினால் டீசல் எஞ்சின் எடுக்கவே எடுக்காது. 22க்கு 1 கம்ப்ரஷன், அதாவது காற்றை அவ்வளவு மடங்கு அமுக்குகிற எஞ்சினை மெதுவாகச் சுற்றிப் பயனில்லை. எனக்கு இதே கதைதான் நடந்தது. ஸ்டார்ட்டருக்குள்ளே இருக்கும் செப்புத் துண்டுகள் இரண்டும் தேய்ந்திருந்தன, மாற்றியதும் சரி.

கிண்ணியா நானா
இது காற்றுப் பிரச்சினை. தாங்கியிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள ஹோஸ் பழசாகியிருந்தால் சூட்டில் இளகிக் காற்று இழுக்கும். பில்டருக்கு மேலே உள்ள கைப்பம்பை அமுக்கிப் பாருங்கள் தம்பி. கெட்டியாக இல்லாமல் பொசுபொசு என்று போனால் காற்றுதான். பில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு அடி போட்டால் குமிழி கண்ணுக்கே தெரியும்.

பழைய ஸ்பானர்
காற்று இழுக்கிற வண்டி இரவு முழுக்க நின்று டீசல் பின்னுக்கு இறங்கி, காலையில்தான் முரண்டு பிடிக்கும். இவருடையது காலையில் ஒரே திருப்பில் எடுக்கிறது. இதைக்கூட யோசிக்காமல் பதில் எழுதினால் எப்படி? பம்ப் ஹெட், அதாவது பம்பில் டீசலை அழுத்தி அனுப்புகிற பகுதி, தேய்ந்துவிட்டது, முடிந்தது கதை. டீசல் சூடானால் நீர்த்துப்போகும், தேய்ந்த ரோட்டரின் இடைவெளியால் கசியும், ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில், எஞ்சினுக்குள் டீசல் பீச்சுகிற நோசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் வராது. எத்தனை தரம் இங்கே எழுதியிருக்கிறேன். பழைய இழைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

கிண்ணியா நானா
காலை விஷயம் நீங்கள் சொல்வது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவர் வண்டி என்ன என்றே இன்னும் சொல்லவில்லை. அதற்குள் முடிந்தது கதை என்றால் எப்படி?

மூதூர் டிரைவர்
சுற்றும்போது சைலன்சரில் புகை வருகிறதா? அதையும் சொல்ல வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

நிலாவெளித் தோட்டம்
நீங்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறீர்கள், டீசலைப் பற்றி யாரும் பேசவில்லை. 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் ஆளாளுக்கு மண்ணெண்ணெய் கலந்து ஓடினோம், நானும்தான். அந்தப் பம்ப்கள் எல்லாம் இப்போதுதான் பழுது காட்டுகின்றன. அதோடு இங்கே திருகோணமலைக்கு வருகிற டீசல் சீனக்குடாவின் பழைய எண்ணெய்த் தாங்கிகளில் கிடந்த துரு டீசல் என்று சொல்கிறார்கள்.

உப்புவெளி சுற்றுலா
மண்ணெண்ணெய் விஷயம் உண்மை. இந்த ரோட்டரி பம்புக்கு டீசல்தான் எண்ணெய், வேறு லூப்ரிகேஷன் கிடையாது. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு, அதனால் தேயும். ஆனால் தாங்கிக் கதையை விடுங்கள். அங்கே 99 தாங்கிகள் உள்ளன, வெள்ளைக்காரன் கட்டியவை, ஒவ்வொன்றும் 12,000 கிலோலீற்றர் அளவு கொள்ளும். மேல்பக்கத்தில் இருப்பவை காடு மூடிக் கிடந்தன, அவற்றில் டீசலே கிடையாது. பாவனையில் இருந்தவை கீழ்ப்பக்கத்துத் தாங்கிகள்.

நிலாவெளித் தோட்டம்
அவற்றைத்தான் 2022இல் பிரித்துக் கொடுத்தார்களே?

உப்புவெளி சுற்றுலா
ஆமாம், ஜனவரியில். 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 இருவரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. ஒப்பந்தம் எழுதிய மறுநாள் காட்டுக்குள் கிடக்கும் தாங்கியில் டீசல் நிரம்பிவிடாது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் தாக்கியதில் எரிந்த தாங்கியின் எச்சம்கூட அங்கே இருக்கிறது. எங்கள் ஊரின் பெரிய சொத்து அது. அதைப் போய்த் துரு டீசல் என்று சொன்னால் மனது கேட்கவில்லை.

பழைய ஸ்பானர்
வரலாற்று வகுப்பை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாமே. கேள்வி கேட்டவரையே காணோம்.

கொட்பே மீன்வண்டி (பகல் 1.15)
மன்னிக்க வேண்டும், லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். டொயோட்டா ஹைலக்ஸ் எல்என் 106, எஞ்சின் மாடல் 3எல், 1993. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, பற்றரி போன வருடம் போட்டது. புகை கொஞ்சமும் இல்லை. நிறுத்தி இரண்டு நிமிடத்தில் திருப்பினால் சிலவேளை எடுக்கும். இருபது நிமிடம் கழித்து என்றால் எடுக்கவே எடுக்காது. மூன்று மணிநேரம் ஆறவிட்டால் எடுக்கும். எடுக்காதபோது சாவியை விடுகிற நொடியில் ஒருதரம் டுக் என்று பிடிக்கப் பார்க்கும், பிறகு ஒன்றும் இல்லை. ஹோஸ் போட்டுப் பார்த்தேன் நானா, குமிழி இல்லை.

பழைய ஸ்பானர்
புகை இல்லை, நன்றாகச் சுற்றுகிறது, இருபது நிமிடத்தில் எடுக்காது. பம்ப் ஹெட் தேய்மானத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? எடுக்காதபோது ஒரு குடம் தண்ணீரைப் பம்பின் மேல் ஊற்றுங்கள். எடுத்தால் ஹெட். பிறகு காசைச் சேர்த்துக்கொண்டு பம்ப் வேலை செய்கிற இடத்துக்குப் போங்கள்.

மூதூர் டிரைவர்
தண்ணீரை ஊற்றாதீர்கள் தம்பி. கொதிக்கிற பம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெளிக்கூடு சட்டென்று சுருங்கும், உள்ளே ரோட்டர் சூடாகவே இருக்கும், இறுகிப் பிடித்துவிடலாம். எஞ்சின் ஓடும்போது ஊற்றவே கூடாது. ஈரத்துணியை நனைத்துப் போட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள், போதும்.

பழைய ஸ்பானர்
முப்பது வருடமாக ஊற்றுகிறேன், ஒன்றும் இறுகவில்லை.

மூதூர் டிரைவர்
உங்கள் கை ராசியாக இருக்கலாம் ஐயா. அவருக்கு அது சாப்பாட்டு வண்டி.

கொட்பே மீன்வண்டி (மாலை 4.50)
ஈரத்துணி போட்டேன். எடுத்துவிட்டது.

பழைய ஸ்பானர்
சொன்னேன் அல்லவா.

உவர்மலை வயரிங்
கொஞ்சம் பொறுங்கள். நான் வாகன வயரிங் வேலை செய்கிறவன், இப்போதுதான் முழுவதையும் படித்தேன். சாவியை விடுகிற நொடியில் பிடிக்கப் பார்க்கிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். அதை யாரும் கவனிக்கவில்லை. என் கண்ணுக்கு இந்த இழையிலேயே முக்கியமான வரி அதுதான்.

பம்பின் பின்பக்கம், நோசில் பைப்கள் கிளம்பும் ஹெட்டின் மேலேயே, ஒற்றை வயர் போகிற சின்ன சொலினோய்ட் ஒன்று இருக்கும். டீசல் கட் ஓஃப். சாவி போட்டால் அது டீசலைத் திறந்துவிடும், மின் நின்றால் ஸ்பிரிங் மூடிவிடும். ஈரத்துணியைப் போட்டால் ஹெட் மட்டும் ஆறுவதில்லை, இந்த சொலினோய்டும் ஆறும். ஆகவே அந்தச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது.

கம்பிச் சுருள் சூடானால் அதன் தடை கூடும். செம்புக்கு ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம். 50 பாகை ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும், இழுக்கிற பலம் குறையும். அதோடு கடற்கரை வண்டி, மீன் ஐஸ் தண்ணீர் வேறு. கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பிடிக்காமல் இருக்காது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் விழும், சூடான சொலினோய்டால் பிடித்து நிற்க முடியாது, டீசல் அடைபடும். சாவியை விட்டதும் வோல்டேஜ் திரும்பும், அந்த நொடி டுக் என்கிறது. பம்ப் ஹெட் தேய்ந்த வண்டி சாவியை விடும்போது அப்படிப் பிடிக்கப் பார்க்காது.

தம்பி, மீற்றர் ஒன்று கடன் வாங்குங்கள். ஒருவர் சாவியைச் சுற்றட்டும், நீங்கள் பற்றரியிலும் அந்த ஒற்றை வயரிலும் வோல்டேஜ் பாருங்கள். பற்றரியில் 10க்குக் கிட்ட இருக்கும். வயரில் அதைவிட ஒரு வோல்ட் குறைந்தால் பரவாயில்லை. அதற்கும் கீழே போனால் பம்பைத் தொடாதீர்கள்.

பழைய ஸ்பானர்
1993 வண்டி, 2022இல் என்னென்ன குடித்ததோ தெரியாது. ஹெட் தேயாமல் இருக்குமா? வயர் பார்ப்பது வீண்வேலை.

உவர்மலை வயரிங்
தேய்ந்தும் இருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. காசே செலவில்லாத சோதனையை முதலில் செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான். கழற்றிய பம்பைத் திருப்பி மாட்டி டைமிங் (டீசல் பீச்சும் நேரம்) வைப்பதற்கும் அவர்தானே சல்லி கொடுக்க வேண்டும்.

கிண்ணியா நானா
நியாயமான பேச்சு.

நிலாவெளித் தோட்டம்
என் வண்டியும் சாவியை விடும்போது பிடிக்கப் பார்க்கிறது, ஆனால் காலையில். இதுவும் அதே விஷயமா?

உவர்மலை வயரிங்
காலையில் என்றால் வேறாக இருக்கலாம். தனி இழை தொடங்குங்கள், வண்டி விவரம் எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

கொட்பே மீன்வண்டி (மறுநாள் இரவு 8.30)
பற்றரியில் 10.2, வயரில் 5.8. பற்றரியிலிருந்து நேரடியாக வயர் இழுத்துக் கொடுத்தேன். இன்று ஹபரணை போய்வந்தேன், நான்கு இடத்தில் நிறுத்தினேன், ஈரத்துணி இல்லாமல் நான்கு தரமும் எடுத்தது. எல்லோருக்கும் நன்றி. விடிய இரண்டு மணிக்கு லோடு.

உவர்மலை வயரிங்
சந்தோஷம் தம்பி. ஆனால் அந்த வயரை அப்படியே விடாதீர்கள். நேரடி வயர் இருக்கும்வரை சாவியை மூடினாலும் எஞ்சின் நிற்காது. நடுவில் பியூஸ் இல்லை என்றால் எங்காவது உரசித் தீப்பிடிக்கும். சாவி சுவிட்சின் ஸ்டார்ட் கொண்டாக்டையும் பயர்வோலுக்கு (எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகடு) பக்கத்தில் உள்ள கனெக்டரையும் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் வோல்டேஜ் பாருங்கள். சரிவராவிட்டால் 15 அம்பியர் பியூஸோடு ஒரு ரிலே, அதாவது சாவியின் மின்னால் இயங்கிப் பற்றரி மின்னை நேராகக் கொடுக்கிற சுவிட்ச், போடலாம். இப்போது எஞ்சினை எப்படி நிறுத்துகிறீர்கள்?

மூதூர் டிரைவர்
தம்பி, கிளம்புவதற்கு முன் இதைப் பார்த்தால் ஒரு பதில் போடுங்கள். பியூஸ் போட்டிருக்கிறீர்களா?