முதியோர் இல்லப் பொறுப்புக்கு வந்திருக்கிறேன், எதை முதலில் மாற்றுவது?

திருவாரூர்க்காரன்:
வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போன மாதம் பொறுப்பாளராக வந்தேன். நாற்பது பேர் இருக்கிறார்கள், ஒன்பது பேர் படுத்த படுக்கை. அதில் மூன்று பேருக்குப் படுக்கைப்புண். அதிகாரிகள் வருகிற நாளில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, மறுநாளே பழைய கதை. ஆயாக்கள் நிலைப்பதில்லை. சிசிடிவி வைத்தால் சரியாகிவிடும் என்கிறது நிர்வாகம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பொறுப்பில் இருப்பவர் எதைச் செய்தால் பராமரிப்பு உண்மையிலேயே மாறும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மயிலாடுதுறை மேட்ரன்:
தம்பி, நான் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆயா தூங்குவது கேமராவில் தெரியும். பகலெல்லாம் நடவு நட்டுவிட்டு வந்தவள் என்பது அதில் தெரியாது.

ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். யாரையும் பிடிப்பதற்காக வேண்டாம். கூட நின்று ஒருவரைப் புரட்டிப் படுக்க வையுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும் என்று சுவரில் ஒட்டுவது சுலபம். கனத்த உடம்பை ஒற்றை ஆளாகப் புரட்டிப் பார்த்தால்தான் அது ஏன் நடப்பதில்லை என்று புரியும். நான் அப்படிப் பார்த்த பிறகுதான் ராத்திரிக்கு இரண்டாவது ஆள் கேட்டு நிர்வாகத்திடம் மல்லுக்கு நின்றேன்.

அடுத்தது, விழுந்தவர்கள் பதிவேடு. நான் சேர்ந்தபோது அதில் ஒரு பெயர்கூட இல்லை. யாராவது விழுந்தால் டியூட்டியில் இருந்த ஆயாவுக்குச் சம்பளப் பிடித்தம், அப்புறம் யார் எழுதுவார்கள்? ஒரு பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தது கால் வீங்கிய பிறகுதான் வெளியே தெரிந்தது. எழுதினால் பிடித்தம் கிடையாது என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை. ஒருநாள் ஒரு ஆயா நடுங்கிக்கொண்டே வந்து, "கை நழுவிட்டாரும்மா" என்றாள். அவளை உட்கார வைத்து, காப்பி வரவழைத்து, எந்த இடம், எத்தனை மணி, தரை ஈரமாக இருந்ததா என்று மட்டும் கேட்டேன். மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதன் பிறகு பதிவேடு நிறைய ஆரம்பித்தது. பெரும்பாலானோர் விடியற்காலையில், பாத்ரூம் வாசற்படியில் விழுந்திருந்தார்கள். படியைச் சரிவாக்கினோம், கைப்பிடி வைத்தோம், இரவு முழுக்க எரிய ஒரு லைட் போட்டோம். "நீங்கள் வந்த பிறகுதான் நிறைய பேர் விழுகிறார்கள்" என்று நிர்வாகம் என்னைக் கேட்டது. அந்தப் பேச்சை ஆயாக்களிடம் இறக்காமல் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும் தம்பி. அதுவும் நம் வேலைதான்.

ஆயாக்கள் நிலைக்காததற்கு நம் பக்கத்தில் இன்னொரு காரணம் உண்டு. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா. நடவுக்கூலியை யாரும் விடமாட்டார்கள், விடச் சொல்வதும் நியாயமில்லை. நடவு நாளில் கேட்பவர்களுக்கு மாலை ஷிஃப்ட் கொடுங்கள், அவர்களுக்கு ராத்திரி டியூட்டி போடாதீர்கள். நான் அட்டவணையை அப்படி மாற்றியபின் சொல்லாமல் லீவு போடுவது நின்றது.

வெண்ணாற்றங்கரை:
அக்கா சொல்வது சரி. ஆனால் இருபது பேருக்கு ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டு பொறுப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்து என்ன பயன்? என் பெரியப்பா இருந்த இடத்தில் பொறுப்பாளர் தங்கமானவர். சம்பளம்தான் இரண்டு மாதம் பாக்கி.

மயிலாடுதுறை மேட்ரன்:
மறுக்கவில்லை. நல்ல மனசு மட்டும் போதாது. கணக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பணம் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். ஒரு படுக்கைப்புண்ணுக்கு ஆகிற மருந்து, ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் செலவைக் கூட்டி, ஒரு ஆளின் சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அப்புறம்தான் இரண்டாவது ஆளுக்குச் சம்மதித்தார்கள்.

நாகை செவிலியர்:
2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மட்டுமல்ல, பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். இன்னொன்று, முதியோர் உதவி எண் 14567-ஐ ஆபீஸ் அறையில் ஒட்டாமல் சாப்பாட்டுக் கூடத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். இருப்பவர்கள் புகார் சொல்லலாம் என்பதைப் பொறுப்பாளரே காட்டினால்தான் பயம் போகும்.

எங்கள் ஊர் அன்னை சத்யா குழந்தைகள் இல்லத்தை 2004 சுனாமிக்குப் பிறகு பார்த்தவள் நான். அப்போதைய ஆட்சியர் ஜெ. ராதாகிருஷ்ணன் வேறு பதவிக்குப் போன பிறகும் அந்தக் குழந்தைகளை வந்து பார்த்தார். மேலே இருப்பவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிக்கிற பிள்ளையை, கீழே வேலை பார்ப்பவர்களும் கவனமாகத்தான் பார்ப்பார்கள்.

திருவாரூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ராத்திரி போய்ப் பார்க்கிறேன், செலவுக் கணக்கும் போடுகிறேன். அக்கா, ஷிஃப்ட் மாறும்போது தகவல் கைமாறுவதே இல்லை. ஒருவர் செருப்பு மாட்டும்போது அடுத்தவர் வருகிறார். அதற்கு என்ன செய்தீர்கள்?

மயிலாடுதுறை மேட்ரன்:
கட்டில் கட்டிலாக இரண்டு பேரும் சேர்ந்து நடக்க வேண்டும். படுத்திருப்பவரின் இடுப்பின் பின்பக்கம், குதிகால் இரண்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறாவிட்டால் அன்றே எழுத வேண்டும், அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது. கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்துக்கும் சம்பளம் சேர்த்துக் கொடுங்கள், கேட்க வைக்காதீர்கள்.